பெயர் பெறாத மூன்றாம் கை

பழம்பொருள் கடை ஒன்றின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துள் தொங்கிய ஒரு தாளின் முன் ஒரு நாள் நெடுநேரம் நின்றேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அச்சேறிய தாவர நூல் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஏடு அது. நூல் எங்கோ சிதைந்து போயிருக்க, ஏடு மட்டும் விலைப்பொருளாய் எஞ்சியிருந்தது. அதில் இருந்தது அரசர் தோட்டத்து அரிய மலரன்று. கோதுமை வயல்களில் உழவர் விதைக்காமலே முளைக்கும் ஒரு காட்டுப்பூ. கசகசாச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. கசங்கிய பட்டுப் போன்ற நான்கு செவ்விதழ்கள். அவற்றின் அடியில் கரிய திட்டு. மயிர் அடர்ந்த தண்டு. தலை கவிழ்ந்த மொட்டு ஒன்று. வயலில் ஒரு நாள் மலர்ந்து மறுநாளே உதிர்ந்துவிடும் அவ்விதழ், தாளில் இரண்டு நூற்றாண்டுகளாக உதிராமல் நின்றது.

படத்தின் கீழே இடப்பக்க மூலையில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. வரைந்தவர் இவர் என்பதைக் குறிக்கும் இலத்தீன் சுருக்கச் சொல் அதனை அடுத்து நின்றது. வலப்பக்க மூலையில் இன்னொரு பெயர். செதுக்கியவர் இவர் என்பதற்கு மற்றொரு சுருக்கச் சொல். அக்காலத்து அச்சுப் படங்களின் மரபு அது. ஆனால் என்னை அங்கே நிறுத்தியவை கோடுகள் அல்ல, அந்தச் சிவப்பு. அதனை அச்சுப்பொறி இடவில்லை. ஒரு மனிதக் கை தூரிகை கொண்டு அந்தத் தாளில் தனியே தீட்டியது. "இந்த வண்ணத்தை இட்டவர் யார்?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "அது யாரோ கூலிக்குப் பூசியது, ஐயா" என்றார். அவர் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆயினும் அந்த 'யாரோ' என்னும் சொல் என்னோடு வீடு வரை வந்தது.

பலர் கூடிச் செய்யும் செயலில் சிலர் பெயர் நிற்பதும் பலர் பெயர் மறைவதும் உலக இயல்பு. ஆனால் இயல்பு என்பதனாலேயே ஒன்று அறமாகிவிடுமா? பெயரில்லாமல் செய்த வேலை குறைவுடைய வேலையா? அதன் பயனைத் துய்க்கும் நமக்கு, செய்தவர் மறைந்த பின்னும் ஏதேனும் கடமை உண்டா? ஒரு காட்டுப்பூவின் படத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கைகள்

முதலில் அத்தகைய படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிவோம். தொழிலை அறியாமல் தொழிலாளர் பற்றி அறம் பேசுவது எளிது, ஆனால் பொருளற்றது.

முதற்கை ஓவியருடையது. வயலிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் கொண்டு வந்த செடி வாடுமுன் அவர் அதனை வரைய வேண்டும். வேர், தண்டு, இலை, மொட்டு, மலர், கனி, விதை ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் அவர் காட்டுவார். ஒரே நாளில் ஒருங்கே காண இயலாத மொட்டும் முதிர்ந்த விதையும் அவர் தாளில் அருகருகே நிற்கும். கண் கண்டதை மட்டுமன்றி, அறிவு தெரிந்துகொண்டதையும் சேர்த்து வரைவது அக்கலை.

இரண்டாம் கை செதுக்குநருடையது. மெருகேற்றிய செப்புத் தகட்டில் படத்தை இடம் வலமாக மாற்றி, கூரிய எஃகு உளியால் கோடு கோடாகக் குழித்தெடுப்பார். தகடு முழுதும் மை தடவி மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், குழிந்த கோடுகளில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் பரப்பி உருளை அச்சுப்பொறியில் அழுத்தினால், தாள் குழிக்குள் புகுந்து மையை ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு அச்சான தாளின் ஓரத்தை விரலால் தடவினால், செப்புத் தகட்டின் விளிம்பு அழுந்திய தடத்தை இன்றும் உணரலாம்.

இவ்வளவும் முடிந்த பின் கிடைப்பது வடிவம் மட்டுமே. மலர் இன்னும் வெளிறிய நிழலாகவே இருக்கும். அதற்கு உயிர் கொடுக்க வருவது மூன்றாம் கை. ஒரு தாளில் முழுமையாக வண்ணமிட்டு அதனை மாதிரியாக வைப்பார்கள். அந்த மாதிரியை முன்னே நிறுத்திக்கொண்டு, பட்டறையில் வரிசையாக அமர்ந்தவர்கள் எஞ்சிய தாள்களில் நீர்வண்ணம் தீட்டுவார்கள். ஒருவர் ஒரு நிறத்தை மட்டும் இட்டு அடுத்தவரிடம் தாளைத் தள்ளும் முறையும் உண்டு. இத்தொழிலில் பெண்களும் இளஞ்சிறாரும் மிகுதியாக ஈடுபட்டிருந்தனர்.

வண்ணங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலையின் பசுமைக்கு அவர்கள் பெரிதும் கலந்தவை இரண்டு. ஒன்று, 1700-களின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் கண்டறியப்பட்ட ஆழ்ந்த நீலம். மற்றொன்று, கம்போடியா முதலிய நம் தென்கிழக்காசிய நாடுகளின் மரத்துப் பிசினிலிருந்து எடுத்த மஞ்சள். அந்நாட்டின் பெயரே அதற்கு ஆங்கிலத்தில் பெயராயிற்று. இவ்விரண்டும் சேர்ந்த பச்சை ஒன்றுக்கு வில்லியம் ஹூக்கர் என்னும் தாவர ஓவியரின் பெயரை இட்டனர். 'ஹூக்கர் பச்சை' என்று இன்றும் வண்ணக் குழாய்களில் அப்பெயர் காணப்படுகிறது. வண்ணத்துக்கும் ஒரு பெயர் கிடைத்தது. அதனை ஆயிரக்கணக்கான தாள்களில் இட்டவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

அருகில் இருப்பதன் குற்றம்

வில்லியம் கர்ட்டிஸ் என்பவர் 1746-இல் இங்கிலாந்தின் ஆல்ட்டன் என்னும் ஊரில் பிறந்தவர். மருந்தாளுநர் தொழில் பயின்றவர். ஆயினும் மருந்துக் குப்பிகளைவிட வழியோரச் செடிகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. இலண்டன் மாநகரைச் சுற்றிப் பத்து மைல் அளவில் தாமே முளைத்து வளரும் செடிகளையெல்லாம் படமாக்கி வெளியிட அவர் திட்டமிட்டார். அதுவே 'ஃபுளோரா லண்டினென்சிஸ்' என்னும் பெருநூல். அதன் முதல் தொகுதி 1777 என்னும் ஆண்டைத் தாங்கியது. இரண்டாம் தொகுதி 1798-இல் நிறைவுற்றது. பெரிய தாள்களில், செடிகளின் உண்மையான அளவிலேயே படங்கள் அமைந்தன. அரண்மனைத் தோட்டத்துச் செடிக்குக் கிடைக்கும் சிறப்பை, மக்கள் காலால் மிதித்துச் செல்லும் புல் பூண்டுகளுக்கு அவர் அளித்தார்.

ஆனால் அதனை வாங்கியவர் ஏறத்தாழ முந்நூறு பேரே. பொருளிழப்பு அவரை நெருக்கியது. பின்னர் 1787-இல், 'பொட்டானிக்கல் மேகசின்' என்னும் சிறிய மாத இதழை அவர் தொடங்கினார். அதில் வந்தவை பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்து கப்பலேறி வந்து செல்வர் தோட்டங்களில் மலர்ந்த பூக்கள். முதல் இதழின் முதற்படமே பாரசீக நாட்டுப் பூ. அவ்விதழ் ஏறத்தாழ மூவாயிரம் படிகள் விற்றது. முன்னது தமக்குப் புகழைத் தந்தது, பின்னது உணவைத் தந்தது என்னும் கருத்துப்பட அவர் கூறியதாகச் சொல்வர்.

இவ்விரு நூல்களின் கதையில் மனித மனத்தின் ஓர் இயல்பு வெளிப்படுகிறது. அருகில் இருப்பதும், எண்ணிக்கையில் மிகுந்திருப்பதும், விலையின்றிக் கிடைப்பதும் நம் மதிப்பை இழக்கின்றன. தொலைவிலிருந்து வந்த ஒற்றைப் பூவைக் கண்ணாடி வீட்டில் வைத்துப் போற்றுகிறோம். வாசலில் ஆயிரமாய் மலர்ந்திருக்கும் பூவைக் 'களை' என்கிறோம். களை என்பது செடியின் குணமா? இல்லை. அது நம் தேவைக்கு வெளியே நிற்பதற்கு நாம் கொடுத்த பெயர். செடி நூலார் எவரும் களை என்று ஒரு குடும்பத்தை வகுத்ததில்லை.

செடிக்கு நேர்ந்த இதே நிலைதான் வண்ணம் தீட்டியவர்களுக்கும் நேர்ந்தது. கர்ட்டிஸின் மாத இதழுக்குத் தொடக்கக் காலத்தில் முப்பது பேர் அளவில் வண்ணம் தீட்டினர் என்பர். இதழொன்றுக்கு மூன்று படங்கள், மூவாயிரம் படிகள். அப்படியாயின் ஒவ்வொரு மாதமும் ஒன்பதாயிரம் தாள்கள் தூரிகை பட்டு முடிய வேண்டும். ஒருவர் பங்கு முந்நூறு. ஒரே பூ, ஒரே இதழ், ஒரே நிறம், முந்நூறு முறை. அவ்விதழுக்காக ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட படங்களை வரைந்த சிடன்ஹாம் எட்வர்ட்ஸின் பெயர் நமக்குத் தெரியும். அவற்றுள் பலவற்றைச் செதுக்கிய சான்சம் என்பாரின் பெயரும் தெரியும். அந்த முப்பதின்மர் பலராய் இருந்தனர், அருகில் இருந்தனர், குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். ஆகவே பெயர் பெறவில்லை. வயலில் களையாக எண்ணப்பட்டது எதுவோ, பட்டறையில் 'யாரோ' எனப்பட்டதும் அதுவே.

இந்த மரபு ஓரிரு ஆண்டுகளில் முடிந்ததன்று. செப்புத் தகடு போய்க் கல்லச்சு வந்த பின்னும், அவ்விதழின் படங்களுக்கு 1948 வரை கையாலேயே வண்ணமிட்டனர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாய் எத்தனை கைகள்!

மூன்று மறுப்புகள்

இங்கே சிலர் மறுப்புரை கூறலாம். அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது.

முதல் மறுப்பு: வண்ணம் இட்டவர் புதியதாக எதனையும் படைக்கவில்லை, மாதிரியைப் பார்த்துப் படியெடுத்தார். படைத்தவர்க்கே பெயர் உரியது. இம்மறுப்புக்கு அறிஞர் ஒருவரின் துணையும் உண்டு. செடிகளை வகைப்படுத்துவதற்குப் புதிய முறை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், நிறத்தை மிகுதியாக நம்பலாகாது என்று மாணவர்க்கு உணர்த்தினார். நிறம் மண்ணுக்கும் ஒளிக்கும் ஏற்ப மாறும். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையும் அமைப்புமே உறுதியான அடையாளம் என்பது அவர் கருத்து. அப்படியாயின் வடிவத்தைத் தந்த இருவரே முதன்மையானவர், நிறம் தந்தவர் அணி செய்தவர் மட்டுமே என்று ஆகிவிடுமல்லவா?

ஆனால் அந்நூல்களை விற்றவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. வண்ணமில்லாப் படியென்றும் வண்ணப் படியென்றும் இரு விலைகள் வைத்து விற்பது அக்கால வழக்கம். வண்ணப் படியின் விலை உயர்ந்தது. வண்ணத்துக்கு விலை உண்டு, வண்ணமிட்டவர்க்குப் பெயர் இல்லை என்பது எத்தகைய கணக்கு? மேலும், படியெடுத்தல் என்பது சிந்தனையற்ற செயலன்று. இதழின் விளிம்பில் நீரை எவ்வளவு மிகுத்தால் ஒளி தெரியும், ஈரம் காயுமுன் இரண்டாம் நிறத்தை இட்டால் எங்கே கலங்கும், செதுக்குநரின் நுண்கோடு மறையாமல் எவ்வளவு மெல்லியதாகப் பூச வேண்டும் என்பனவற்றைக் கையே அறிந்திருக்க வேண்டும். முந்நூறாவது தாளிலும் முதல் தாளின் சிவப்பே வரவேண்டும். தவறான நிறம் இட்டால், செடியை நேரில் காணாத வாசகர் தவறாகவே அறிந்துகொள்வார். உண்மைக்குப் பொறுப்பை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அவர் உண்மையில் பங்கு பெறாதவர் என்று சொல்வது முரண்பாடு.

இரண்டாம் மறுப்பு: அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. கணக்கு அன்றே தீர்ந்தது. இன்று கடன் எங்கிருந்து வந்தது? இது வலிமையான மறுப்பு. ஆனால் கூலி எதற்குக் கொடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது தாளின் எண்ணிக்கைக்கும் செலவிட்ட பொழுதுக்கும் கொடுக்கப்பட்டது. ஒரே நூலின் இரு படிகளை அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒன்றில் பச்சை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். மற்றொன்றில் இலை நரம்பின் இருபுறமும் நிறம் நுட்பமாய் வேறுபட்டிருக்கும். அலட்சியமாகச் செய்தவரும் இருந்தனர். கருத்தாகச் செய்தவரும் இருந்தனர். இருவரும் அமர்ந்த பட்டறை ஒன்றாகவே இருந்திருக்கலாம்; கூலியும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். அப்படியாயின் அந்தக் கருத்துக்குக் கூலி கொடுத்தவர் யார்? அது கூலிக்கு மேற்பட்டு அவர் தம் விருப்பால் வைத்துச் சென்ற கொடை. விலை கொடுத்து வாங்கியதற்குக் கடன் இல்லை; கொடையாகப் பெற்றதற்குக் கடன் உண்டு. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தது இத்தகைய கடன்களை எண்ணியே அன்றோ?

மூன்றாம் மறுப்பே மிகவும் இனிமையானது. ஆகவே மிகவும் அபாயமானது. காட்டுப்பூ யாரும் பார்க்க வேண்டுமென்று மலர்வதில்லை. பெயர் வேண்டுமென்று மணப்பதில்லை. உயர்ந்த உழைப்பும் அவ்வாறே பெயர் நாடாமல் இருக்க வேண்டும். வண்ணமிட்டவர் அவ்வாறு வாழ்ந்தவர் என்று போற்றுவோம் என்பார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் காட்டுப்பூவுக்குப் பசி இல்லை. மாலையில் வீடு திரும்பக் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லை. பனிக்காலத்து மங்கிய ஒளியில் கண் வலிக்கக் குனிந்திருக்க வேண்டியதில்லை. மனிதரைப் பூவோடு ஒப்பிட்டுப் புகழ்வது, சில வேளைகளில், மனிதருக்குரியதை அவருக்குக் கொடாமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த அழகான வழியாகிவிடுகிறது. பெயரைத் துறப்பது அறம். பிறர் பெயரைத் துறக்கச் செய்வது அறமன்று. துறப்பதற்கு முதலில் உரிமை இருக்க வேண்டும்.

பெயரை மறைத்தவரும் பெயர் நின்றவரும்

இக்கருத்தை விளக்க இரு வாழ்க்கைகள் துணை செய்யும்.

பிரித்தானிய நாட்டின் இயற்கைச் செடிகளையெல்லாம் படமாக்கிய மற்றொரு பெருநூல் 'இங்கிலிஷ் பாட்டனி'. 1790-இல் தொடங்கி இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த அது, 36 தொகுதிகளும் 2592 வண்ணப் படங்களும் கொண்டது. படங்கள் ஜேம்ஸ் சவர்பி என்னும் ஓவியருடையவை. விளக்கவுரை எழுதியவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித். லின்னேயஸின் செடித் தொகுப்பையும் நூல்களையும் விலைக்கு வாங்கி, 1788-இல் இலண்டனில் லின்னேயஸ் பெயரால் கழகம் நிறுவிய பேரறிஞர் அவர். சமூக நிலையில் தம்மினும் தாழ்ந்த கைவினைஞர் ஒருவரோடு தம் பெயர் இணைந்து நிற்பது தம் மதிப்புக்கு ஏற்றதன்று என்று கருதி, தொடக்கத் தொகுதிகளில் தம் பெயர் இடம்பெறாதவாறு அவர் பார்த்துக்கொண்டார். நூல் புகழ் பெற்றது. மக்கள் அதனைச் 'சவர்பியின் தாவர நூல்' என்றே அழைக்கலாயினர். பின்னர்ப் பெயர் அச்சான போதும் அவ்வழக்கு மாறவில்லை. அது ஸ்மித்துக்கு மனக்குறையாகவே இருந்தது.

தாமே மறைத்த பெயருக்காகவே ஓர் அறிஞர் வருந்தினார் என்றால், கேட்கப்படாமலே மறைந்த பெயர்களுக்கு உரியவர்கள் வருந்தியிருக்க மாட்டார்கள் என்று எவ்வாறு சொல்வது? அறிஞர் வருந்தியதை எழுதி வைக்க ஏடு இருந்தது; கூலியாளர் வருந்தியதை எழுதி வைக்க ஏடு இல்லை. அவ்வளவே வேறுபாடு.

மற்றொருவர் எலிசபெத் பிளாக்வெல். கணவர் கடனுக்காகச் சிறைப்பட்டபோது, குடும்பத்தைக் காக்க இவர் மூலிகைப் படநூல் ஒன்றை உருவாக்கத் துணிந்தார். இலண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் அருகே தங்கி, செடிகளை நேரில் பார்த்து வரைந்தார். செப்புத் தகட்டில் செதுக்கியவரும் அவரே. அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணமிட்டவரும் அவரே. 1737 முதல் 1739 வரை, வாரம் நான்கு படங்களாக 500 படங்கள் வெளிவந்தன. வழியோரத்து மஞ்சள் சீமைக்காட்டுமுள்ளங்கிப் பூவும், வயலோரத்துச் செங்கசகசாவும் அவற்றுள் உண்டு. அந்த வருவாயால் கணவரை மீட்டார் என்பது வரலாறு. பிற்காலத்தில் அக்கணவர் சுவீடனுக்குச் சென்று, அரசியல் சூழ்ச்சியில் சிக்கி 1747-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஆனால் அந்நூல் அழியவில்லை. எலிசபெத்தின் பெயரும் அழியவில்லை.

மூன்று கைகளும் ஒருவரிடத்தே அமைந்தபோது மூன்றாம் கைக்கும் பெயர் கிடைத்தது. இதிலிருந்து ஒன்று தெளிவாகும். வண்ணம் இடுதல் தன்னளவில் பெயருக்குத் தகுதியற்ற வேலையன்று. வேலையைப் பிரித்தபோதுதான் பெயரும் பிரிந்தது. பிரிந்த பெயர் வலிமையுள்ளவர் பக்கம் சென்றது.

நம் பக்கத்து ஏடுகள்

இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆங்கிலேயர் கடல் கடந்து வந்த நாடுகளிலும் செடிகளைப் படமாக்கினர். அங்கே வரைந்த கைகள் அந்தந்த நாட்டு மக்களுடையவை.

கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராய் விளங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகளை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அவற்றுள் தேர்ந்த முந்நூறு படங்கள் இலண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, கையால் வண்ணமிடப்பட்டு, 1795 முதல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. நூலின் பெயரில் நம் கடற்கரை நின்றது. வரைந்தவர் பெயர் நிற்கவில்லை. இங்கே முதற்கையும் பெயர் இழந்தது.

அதே மண்ணில் வேறொரு வழியும் சாத்தியமாயிற்று. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ராபர்ட் வைட் என்னும் தாவரவியலார், தமக்கு வரைந்து கொடுத்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயரையும் கல்லச்சுப் படங்களின் அடியில் இடம்பெறச் செய்தார். அதனோடு நில்லாமல், மண்ணில் வளரும் ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் 'கோவிந்தூயா' என்றே பெயர் சூட்டினார். மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிருந்த அச்சிறப்பு, மாதச் சம்பளம் பெற்ற ஓர் ஓவியருக்குக் கிடைத்தது. காலத்தின் வழக்கம் அப்படி, என்ன செய்வது என்று சொல்பவர்களுக்கு இச்செயலே விடை. அதே காலத்தில், அதே ஆட்சியில், ஒருவர் கேட்டார், எழுதினார்.

சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ள பார்குவார் தொகுப்பையும் இங்கே நினைவுகூரலாம். மலாக்காவில் 1803 முதல் 1818 வரை பொறுப்பில் இருந்த வில்லியம் பார்குவார், நம் வட்டாரத்துச் செடிகளையும் விலங்குகளையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த 477 நீர்வண்ணப் படங்கள் அவை. தொகுப்பு அவர் பெயரால் வழங்குகிறது. வரைந்த சீனர்கள் யாவர் என்று எங்கும் பதிவில்லை. நம் காட்டுப் பழங்களும் பூக்களும் அத்தாள்களில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன.

தமிழ் பயில்வோர்க்கு இந்நிலை புதியதன்று. சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது எவ்வாறு? நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பழைய ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்துக் கொடுத்த கைகளால் அல்லவா? அவர்களும் மாதிரியைப் பார்த்து எழுதியவர்களே. எழுத்தொன்று பிழைத்தால் பொருளே பிழைக்கும் என்னும் பொறுப்பைச் சுமந்தவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் நம் முன்னோர் ஒரு நல்வழியும் காட்டினர். பாடியவர் பெயர் மறைந்துபோன இடத்தில், அவர் பாடலில் அமைந்த அழகிய தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக்கினர். செம்புலப் பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். 'யாரோ ஒருவர்' என்று அவரை விட்டுவிட நம் தொகுப்பாசிரியர்களுக்கு மனம் வரவில்லை. செய்த வேலையைக் கூர்ந்து நோக்கி, அதிலிருந்தே செய்தவரை அழைத்தார்கள்.

இரு கடமைகள்

ஆகவே நாம் தொடங்கிய வினாக்களுக்கு வருவோம்.

பெயரில்லாமல் செய்த வேலை குறைவுடைய வேலையா? இல்லை. அந்தக் காட்டுப்பூவின் சிவப்பே அதற்குச் சான்று. பெயரை எதிர்பார்த்து மட்டும் கருத்தோடு செய்பவர், பெயர் கிட்டாத இடத்தில் கருத்தை விட்டுவிடுவார். கண்காணிப்பவர் இல்லாதபோதும் முந்நூறாவது தாளை முதல் தாளாகவே எண்ணித் தீட்டியவரின் பெருமை, பெயரால் வந்ததன்று. பெயர் இன்மையால் போவதுமன்று. மாணவர் கற்க வேண்டிய முதற்கடமை இது. எவரும் பார்க்காத பக்கத்திலும் எழுத்துத் திருத்தமாய் இருக்க வேண்டும்.

அப்படியாயின் பெயர் மறைந்தது அநீதியன்றா? அநீதியே. ஆனால் குறை வேலை செய்தவரிடத்தில் இல்லை. பயன் துய்த்தவரிடத்தில் உள்ளது. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். உழைப்பவர் பெயர் நாடாதிருப்பது அவருடைய அறம். அவர் பெயரை நாடிக் கேட்பது நம்முடைய அறம். அவர் அறத்தைக் காட்டி நம் அறத்தை நாம் தள்ளிவிட முடியாது.

இரண்டாம் கடமை இதுவே. கேட்பதற்குப் பொருட்செலவு இல்லை, பெருமுயற்சியும் வேண்டுவதில்லை. நூலொன்றைக் கையில் எடுக்கும்போது அதனை எழுத்துக் கோத்தவர், பிழை திருத்தியவர், அட்டை கட்டியவர் உண்டு என்று எண்ணலாம். பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நின்றவர்க்கு மாலை இடும்போது, திரை கட்டியவரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். வாழும் காலத்திலேயே கேட்டுவிட்டால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்று தவிக்க நேராது.

மறைந்துபோன பெயர்களை என்ன செய்வது? அவற்றை நாம் புனைந்துரைக்க முடியாது. புனைவது மற்றுமொரு பொய்யாகும். ஆனால் 'யாரோ' என்னும் சொல்லையாவது திருத்திச் சொல்லலாம். நம் இலக்கண நூலார் ஓகாரத்துக்குப் பல பொருள்கள் கூறினர். கழிவு என்னும் இரக்கப் பொருளும் அவற்றுள் ஒன்று. கடைக்காரர் சொன்ன ஓகாரத்தில் பொருட்படுத்தாமை இருந்தது. அதே ஓகாரத்தை நாம் இழந்ததற்கு இரங்கும் ஓகாரமாகச் சொல்லலாம்.

சில நாள்களுக்குப் பின் அக்கடைக்கு மீண்டும் சென்றேன். அத்தாள் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் அதனை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். வரைந்தவர் பெயரையும் செதுக்கியவர் பெயரையும் விருந்தினர்க்குக் காட்டியிருப்பார். அவர் வீட்டுக் குழந்தை ஒன்று அண்ணாந்து பார்த்து, "இந்தச் சிவப்பை வைத்தது யார்?" என்று கேட்டிருக்கும் என நம்புகிறேன்.